அழுக்கு வேறு, கறை வேறு

இது நீண்ட பதிவு. ஆய்வேட்டின் மூன்றாம் இயலை எழுதியிருக்க வேண்டிய வாரத்தில் நான் ஒரு கால்பந்து ஜெர்சியைத் துவைத்துக்கொண்டிருந்தேன். என் நெறியாளர் இதைப் படிக்க நேர்ந்தால் பொறுத்தருள்க.

கொல்கத்தாவில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் உரிமையாளரை இவ்வூர் வழக்கப்படி மாஷிமா என்று அழைக்கிறேன். அவருடைய கணவர் 1980களின் தொடக்கத்தில், மைதானத்தின் கீழ்ப்பிரிவுகளில் ஆடிய சிறு கழகம் ஒன்றுக்கு விளையாடியவர். இந்நகரத்தார் 'ஸ்டாப்பர்' என்று சொல்லும் இடத்தில் நின்று எதிரணியின் பந்தைத் தடுத்தவர். செய்தித்தாளில் அவர் பெயர் வந்ததாக மாஷிமாவுக்கு நினைவில்லை. அவர் மறைந்தபின் இரும்புப் பெட்டியைத் திறந்தபோது அடியில் அந்த ஜெர்சி கிடைத்தது. பருத்தித் துணி, செம்பழுப்பு உடல், வெள்ளைக் காலர், முதுகில் வெள்ளைத் துணியை வெட்டித் தைத்த 5 என்னும் எண். அக்குள் பகுதி விறைத்து, உப்பு பூத்து, வெண்ணிற விளிம்பு கட்டியிருந்தது. காலர் மஞ்சளேறியிருந்தது. இடப்பக்க விலாவில் காய்ந்த சேறு. பெட்டியின் கீல் பட்ட இடத்தில், காலரின் ஓரமாக, விரல்நுனி அளவு துரு. இவற்றின் மேல் இவ்வூர் மழைக்காலம் தன் பங்குக்குத் தெளித்த பூஞ்சைப் புள்ளிகள்.

பெங்களூரில் இருக்கும் மகன் தொலைபேசியில் படத்தைப் பார்த்தார். ஜெர்சி சேகரிப்பில் ஈடுபாடுள்ள நண்பர் ஒருவரிடம் காட்டினார். உடனே விடை வந்தது: துவைக்கவே கூடாது, துவைத்தால் அதன் மதிப்புப் போய்விடும். மாஷிமாவுக்கு இது விளங்கவில்லை. ஆறு ஆண்டுகள் வாரந்தோறும் இதைத் துவைத்தவர் அவர். ஏழாம் ஆண்டு முதல் ஏன் துவைக்கக் கூடாது என்பது அவர் கேள்வி. தாய்க்கும் மகனுக்கும் இடையே தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு, வீட்டில் இருக்கும் ஒரே 'கொபேஷொக்' என்ற முறையில், ஆய்வாளராகிய என்மேல் விழுந்தது. வினைச்சொற்களை ஆராய்பவருக்கும் விலாச் சேற்றுக்கும் என்ன தொடர்பு என்று எவரும் கேட்கவில்லை.

நான் மாஷிமாவின் பக்கம் நின்றேன். பிறகு சில நண்பர்கள், குறிப்பாக வரலாற்றுத் துறையினர், என்னைக் கடிந்துகொண்டார்கள். இப்பதிவு அவர்களுக்கான விடை. சொந்த ஜெர்சியைப் பாழாக்கிவிடாமல் துவைக்க விரும்பும் மாணவர்களுக்கும் இதில் சில செய்திகள் உண்டு.

'துவைக்காதே' என்னும் விதி எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அது ஏலக்கூடத்தின் விதி. 1986 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா அணிந்திருந்த ஜெர்சி 2022 மே மாதம் ஏறத்தாழ 71 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. பேப் ரூத் 1932இல் அணிந்த பேஸ்பால் ஜெர்சி 2024இல் 2 கோடியே 40 லட்சம் டாலரைத் தாண்டியது. இத்தகைய துணி, சொல்லப்படும் அதே ஆட்டத்தில் அணியப்பட்டதுதானா என்று உறுதி செய்ய அக்கால ஒளிப்படங்களோடு ஒப்பிடுவர். எண் எந்தக் கோணத்தில் தைக்கப்பட்டிருக்கிறது, எந்த நூல் பிரிந்திருக்கிறது, சேறு எவ்விடத்தில் அப்பியிருக்கிறது என்பனவெல்லாம் கைரேகையைப் போலச் சான்றாகும். அங்கே சேற்றைக் கழுவுவது சான்றை அழிப்பதே. அந்தச் சூழலில் 'துவைக்காதே' என்பது சரியான விதி. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்த விதி ஒரே ஆட்டத்துக்காகத் தயாரித்து, ஒரே ஆட்டத்தில் அணிந்து, கழற்றிய கணமே நினைவுப்பொருளாகிவிடும் துணிக்கு உரியது. இன்றைய பெருங்கழக ஆட்டக்காரருக்கு ஆட்டந்தோறும் புது ஜெர்சி கிடைக்கிறது. மைதானத்துச் சிறு கழகத்தின் ஸ்டாப்பருக்குப் பருவத்துக்கு ஒன்று. சில ஆண்டுகளில் அதுவும் இல்லை. 1898இல் தொடங்கிய கல்கத்தா கால்பந்து லீக் மழைக்காலத்தில் நடப்பது. பெலேயே 1977 செப்டம்பர் 24 அன்று ஈடன் கார்டனில் மோகன் பகானுக்கு எதிராக இவ்வூரின் ஈரத்தரையில்தான் ஆடினார். ஆட்டம் 2–2 எனச் சமனில் முடிந்தது. அந்தச் சேற்றில் ஒவ்வோர் ஆட்டமும் ஆடி, ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பின்னும் துவைக்கப்பட்டு, மறுபடி அணியப்பட்ட துணி இது. பெரிய கழகங்களில் இந்த வேலையைச் செய்தவர்கள் மாலிகள். கூடாரத்தையும் புல்லையும் ஆட்டக்காரர்களின் உடைமைகளையும் கவனித்துக்கொள்ளும் பணியாளர்களை மைதானத்தில் அப்படித்தான் அழைப்பார்கள். அவர்களுள் பலர் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். சிறு கழகத்தில் அந்த வேலை வீட்டுக்கு வந்தது. இங்கே மாஷிமா செய்தார்.

ஆகவே 'துவைக்கப்படாத தொடக்க நிலை' என்ற ஒன்று இந்த ஜெர்சிக்கு இருந்ததே இல்லை. நூறு முறையாவது துவைக்கப்பட்டதன் வரலாறுதான் இதன் வரலாறு. கடைசி ஆட்டத்தின் சேறு மட்டும் வரலாறு, அதற்கு முன் மாஷிமா போக்கிய நூறு ஆட்டங்களின் சேறு வெறும் வீட்டுவேலை என்று பிரிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆடியவரின் வியர்வை சான்றாகவும் துவைத்தவரின் கை சான்றுக்கு இழைத்த கேடாகவும் எண்ணப்படுவதில் யாருடைய உழைப்பு கணக்கில் வருகிறது என்ற பழைய கேள்வி இருக்கிறது. வரலாற்றுத் துறை நண்பர்கள் இதை எனக்குச் சொல்லித்தந்தவர்கள்; ஜெர்சி என்று வந்ததும் அவர்களே மறந்துவிட்டார்கள்.

இது ஒருபுறம். மறுபுறம் வேதியியல். துவைக்காமல் வைப்பதைப் பலர் 'இருந்தபடியே வைப்பது' என்று கருதுகிறார்கள். துணி இருந்தபடி இருப்பதில்லை. வியர்வையில் நீர் போக உப்பு, யூரியா, லாக்டிக் அமிலம் ஆகியன உண்டு. தோலின் எண்ணெய்ப் பசையும் அதோடு சேர்கிறது. நீர் ஒரு மணி நேரத்தில் உலர்ந்துவிடும். மற்றவை இழைக்குள் தங்கி ஆண்டுக்கணக்கில் வேலை செய்யும். எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து மஞ்சளாகிப் பின் பழுப்பாகிறது. அந்த நிலையை எட்டிய பிறகு சோப்புக்கு எளிதில் இளகாது. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை வளரும். கொல்கத்தாவில் ஆடியும் ஆவணியும் அந்த எல்லைக்கு மேலேதான் கழிகின்றன. பூஞ்சைக்கு வியர்வைப் பசை உணவு, பருத்தியும் உணவுதான். குளிரூட்டி வைத்த, ஈரம் அளந்து கட்டுப்படுத்திய கிடங்கில் 'தொடாதே' என்பது பாதுகாப்பு. இரும்புப் பெட்டியில் அது மெல்ல அழியவிடுவது.

இங்கே என் துறை சார்ந்து கொஞ்சம் பேச அனுமதியுங்கள். ஆங்கிலத்தில் கையைக் கழுவினாலும் துணியைத் துவைத்தாலும் ஒரே வினை. வங்காளத்தில் துணிக்குக் 'காச்சா', கைகால் பாத்திரங்களுக்குத் 'தோவா' என்று பிரிவு உண்டு. தமிழில் பிரிவுகள் இன்னும் நுணுக்கமானவை: ஊறவைத்தல், முக்குதல், கசக்குதல், கும்முதல், துவைத்தல், அலசுதல், பிழிதல், வெளுத்தல். இவற்றுள் துவைத்தல் என்பதன் உள்ளேயே அடி இருக்கிறது. ஒருவரை நையப்புடைத்ததையும் 'துவைத்து எடுத்தான்' என்போம். கிரிக்கெட் வருணனையில் மட்டையாளர் பந்துவீச்சை 'வெளுத்து வாங்குகிறார்'. கல்லில் அறைந்து துவைக்கும் தடித்த பருத்தி வேட்டியின் காலத்துச் சொற்கள் இவை. எண் ஒட்டிய ஜெர்சியிடம் இந்த வினைகளைக் காட்டக் கூடாது. அதற்கு முக்குதலும் அலசுதலும் போதும்.

வெளுத்தல் இன்னும் சுவையானது. வண்ணார் துணியை வெளுத்தார் என்கிறோம். சாயம் வெளுத்தது என்றும் சொல்கிறோம். செயப்படுபொருள் குன்றா வினையாகவும் குன்றிய வினையாகவும் ஒரே வடிவம் நிற்கிறது. முன்னது துப்புரவு, பின்னது இழப்பு. துப்புரவின் அளவு மீறினால் அதுவே இழப்பு என்பதை இந்த ஒரே சொல் தாங்கியிருக்கிறது. குளோரின் வெளுப்பானைக் கையில் எடுப்பவர்கள் இந்த இரண்டாம் பொருளை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

என் வாதத்துக்கு மிகவும் உதவிய வேறுபாடு அழுக்குக்கும் கறைக்கும் இடையிலுள்ளது. அழுக்கு துணியின்மேல் ஏறியிருப்பது, வந்ததுபோல் போகக்கூடியது. கறை துணியோடு சேர்ந்துவிட்டது. போக்க முயன்றால் துணியின் ஒரு பகுதியையும் கேட்கும். வங்காளத்திலும் 'மொய்லா', 'தாக்' என்று ஏறக்குறைய இதே வேறுபாடு இருப்பதை மாஷிமாவோடு பேசும்போது கண்டுகொண்டேன். கறை எப்போதும் இழுக்கும் அன்று. நஞ்சுண்ட சிவனைக் கறைமிடற்றோன் என்று அழைத்த மொழி நம்முடையது. அங்கே கறைதான் புகழ். அருங்காட்சியகத் துணிப் பாதுகாவலர்களும் நடைமுறையில் இப்படித்தான் பிரிக்கிறார்கள்: தொடர்ந்து துணியைத் தின்பது எது, துணியில் நடந்த ஒன்றைச் சொல்லிக்கொண்டு சும்மா இருப்பது எது. முன்னதை நீக்க வேண்டும்; பின்னதை நீக்கவேண்டிய கட்டாயம் இல்லை. டெஸ்ட் ஆட்டக்காரரின் வெள்ளைக் காற்சட்டையில் பந்தைத் தேய்த்த சிவப்புத் தடம் இரண்டாம் வகை. அக்குளில் தங்கிய உப்பு முதல் வகை.

இதை வைத்துக்கொண்டு மாஷிமாவிடமும் மகனிடமும் நான் சொன்ன ஏற்பாடு இது: வியர்வை போகட்டும், சேற்றின் நிழல் நின்றால் நிற்கட்டும், நீரைத் தொடுமுன் எல்லாவற்றையும் பதிவு செய்வோம். மகன் அரை மனத்தோடு ஒப்புக்கொண்டார்.

முதல் நாள் நீரே இல்லை. முன்புறம், பின்புறம், உட்புறம், ஒவ்வொரு கறையும் தனித்தனியாக, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்தோம். எந்தக் கறை எங்கே, என்ன நிறம், என்ன அளவு என்று ஒரு தாளில் எழுதினேன். எது எந்த ஆண்டில் எப்படி வந்திருக்கக்கூடும் என்பதை மாஷிமா தம் நினைவிலிருந்து சொல்ல, அதையும் சேர்த்தேன். இந்தத் தாளின் முக்கியத்துவம் எனக்கே பிறகுதான் விளங்கியது: விலாச் சேற்றின் கதை துணியில் இல்லை, அவர் நினைவில் இருந்தது. பிறகு மாடியில், முகக்கவசம் அணிந்து, காய்ந்த பூஞ்சையை மென்மையான தூரிகையால் தட்டிவிட்டோம். வீட்டுக்குள் தட்டினால் அது மற்றத் துணிகளுக்குப் போகும். கடைசியாகச் சேறு. சேற்றை ஈரத்தோடு தேய்த்தால் மண்துகள் இழைக்குள் இறங்கிவிடும். நன்கு காய்ந்தபின் உதிர்ப்பதே முறை. உதிர்ந்த மண்ணை ஒரு வெள்ளைத் தாளில் பிடித்துப் பொதிந்து, மேலே தேதி எழுதி வைத்தோம். அரைக் கரண்டி கூட இராது. மகனின் சேகரிப்பாள நண்பருக்கு இது மிகவும் பிடித்துப்போனதாகக் கேள்வி.

இரண்டாம் நாள் சாயச் சோதனை. உள்மடிப்பில், வெளியே தெரியாத இடத்தில், ஒரு சொட்டு நீரிட்டு வெள்ளைப் பருத்தித் துணியால் ஐந்து நிமிடம் அழுத்திவைத்தேன். மெல்லிய இளஞ்சிவப்பு இறங்கியது. சோப்பு கலந்த நீரில் இன்னும் சற்று. அக்காலப் பருத்திச் சாயங்கள் பல இப்படித்தான். உப்பு போட்டால் நிற்கும், வினிகர் ஊற்றினால் நிற்கும் என்று வீடுதோறும் சொல்வார்கள். உப்பு சாயமேற்றும்போது உதவும். ஏறி முடிந்து ஆண்டுகளான சாயத்தைக் கட்டிவைக்காது. வினிகரும் பருத்திச் சாயத்தைப் பிடித்துவைப்பதில்லை. இந்த இரண்டையும் நம்பிச் செம்பழுப்புத் துணியை வெள்ளைக் காலரோடு மணிக்கணக்கில் ஊறவைத்திருந்தால் இன்று இளஞ்சிவப்புக் காலர்தான் மிஞ்சியிருக்கும். சாயம் இறங்கும் துணிக்கு மூன்றே பாதுகாப்பு: நிறைய நீர், குறைந்த நேரம், ஈரமாக மடிந்து கிடக்கவிடாமை.

நீரைப் பற்றியும் ஒரு சொல். எங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீர். வாளியில் ஓரிரவு வைத்தால் அடியில் இரும்பின் செம்பொடி படியும். அந்த நீரில் பழந்துணியை ஊறவைப்பது புதிய துருவை நாமே ஊட்டுவதாகும். குடிநீர் வடிகட்டியிலிருந்து இரண்டு நாள் பிடித்துச் சேர்த்த நீரைப் பயன்படுத்தினோம்.

மூன்றாம் நாள், அகன்ற தட்டையான தொட்டியில் பழைய கொசுவலைத் துண்டை விரித்து அதன்மேல் ஜெர்சியைக் கிடத்தினோம். ஈரப் பருத்தி கனமானது. நைந்த துணியைத் தோளைப் பிடித்துத் தூக்கினால் தன் எடையிலேயே கிழியும். வலையோடு தூக்கினால் அந்த அச்சமில்லை. உடலின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இடையில், காலருக்கு அடியில், எண்ணுக்குப் பின்னால் வெள்ளைத் துணிகளைச் செருகினோம். அறைவெப்ப நீர் மட்டும். வியர்வை, குருதி முதலான புரதக் கறைகள் சுடுநீர் பட்டால் முட்டையின் வெண்கருவைப்போல் இறுகிப்போகும். முதல் நீர் சில நிமிடங்களில் தேநீர் நிறமானது. மாஷிமா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நீரை மாற்றினோம். மூன்றாம் நீரில் கம்பளித் துணிக்கான மென்மையான திரவ சோப்பைச் சில துளிகள் கலந்து, பஞ்சால் அழுத்தி அழுத்தி எடுத்தோம், தேய்க்கவில்லை. பிறகு சோப்பின் நுரை அடங்கும்வரை அலசல். மொத்தம் ஒரு மணி நேரம். பிழியவில்லை, துவாலையில் வைத்து உருட்டி ஈரத்தை வாங்கி, நிழலில் சமதளத்தில் பரப்பி, மின்விசிறியைப் போட்டோம். வெயிலில் கொடியில் போட்டிருந்தால் தோள் இழுபட்டிருக்கும், சாயமும் மங்கியிருக்கும்.

வழக்கமான சலவைத்தூளை ஏன் தவிர்த்தேன் என்றால், பெரும்பாலான தூள்களில் துணியை வெண்மையாகக் காட்டும் ஒளிர்பொருள் சேர்க்கப்படுகிறது. அது அழுக்கை நீக்குவதில்லை. புற ஊதா ஒளியை வாங்கி நீலமாக உமிழ்ந்து கண்ணை ஏமாற்றுகிறது. பழந்துணியைச் சோதிப்பவர்கள் புற ஊதா விளக்கில் பார்க்கும்போது முதலில் தேடுவதும் இந்த ஒளிர்வைத்தான். வெள்ளைச் சட்டைக்கு நாம் போடும் நீலமும் இதே ஏமாற்றின் பழைய வடிவம். கஞ்சி வேண்டவே வேண்டாம். அது பூச்சிக்கு விருந்து.

விளைவை நேர்மையாகச் சொல்ல வேண்டும். உப்பு முழுதும் போயிற்று. அக்குளில் துணி மீண்டும் துணியாக வளைந்தது. நாற்றம் இல்லை. காலரின் மஞ்சள் பாதி குறைந்தது. மீதி கறையாகிவிட்டது, அதைத் தொடவில்லை. ஆக்சிஜன் வெளுப்பான் என்று விற்கும் சோடியம் பெர்கார்பனேட்டால் அதை இன்னும் வெளுத்திருக்கலாம். ஆனால் அந்தக் கரைசல் காரத்தன்மையுள்ளது, பக்கத்திலேயே இறங்கத் துடிக்கும் செம்பழுப்புச் சாயம். விலாவில் சேற்றின் நிழல் ஒன்று நிற்கிறது. பூஞ்சைப் புள்ளிகளும் நிற்கின்றன, உயிரில்லாமல். இழப்பும் உண்டு: எவ்வளவு பார்த்தும் காலரின் அடி விளிம்பில் ஓர் அரையங்குலத்துக்கு இளஞ்சிவப்பு ஏறிவிட்டது. அங்கே செருகிய துணி நழுவியதை நான் கவனிக்கவில்லை. அதையும் தாளில் என் பெயரோடு எழுதிவைத்தேன்.

மாணவர்கள் வைத்திருக்கும் ஜெர்சிகள் இவ்வகையின அல்ல, பெரும்பாலும் பாலியஸ்டர். அதன் இயல்பு வேறு. பாலியஸ்டர் நீரை வெறுத்து எண்ணெயை விரும்பும் இழை. அதனால்தான் வியர்வை உடனே உலர்கிறது. அதனால்தான் தோலின் எண்ணெயும் நாற்றமும் விடாமல் பிடித்துக்கொள்கின்றன. துணியை மென்மையாக்கும் திரவங்கள் இழையின்மேல் படலமாகப் படிந்து நாற்றத்தை உள்ளே பூட்டுகின்றன, தவிர்க்கவும். அச்சிட்ட ஓவியம் இழைக்குள் ஏறிய சாயமாயின் கவலையில்லை. வெப்பத்தால் ஒட்டிய எண்ணும் எழுத்துமே நொய்ந்த இடம். உட்புறம் வெளியாகத் திருப்பி, குளிர்நீரில், கையால் அலசுவது போதும். சிவப்புப் பாலியஸ்டரில் வெள்ளை எண் இருந்தால் வெப்பம் பட்டதும் அடியிலுள்ள சாயம் மேலேறி எண்ணை இளஞ்சிவப்பாக்கும். உலர்த்தும் எந்திரமும் இஸ்திரியும் வேண்டாம் என்பதற்கு இதுவே போதும். என் பட்டறிவும் உண்டு: 2011 ஏப்ரல் 2 அன்று வான்கடே இறுதியாட்டத்தைப் பார்க்க நான் அணிந்திருந்த நீல ஜெர்சியை, முதுகலை விடுதியில், விருந்துக்குப் போகும் அவசரத்தில் நேராக இஸ்திரி போட்டேன். 'இந்தியா'வின் பாதி எழுத்துகள் இஸ்திரிப் பெட்டியோடு போய்விட்டன. மீதியை இன்னும் வைத்திருக்கிறேன்.

பிரியாணி, மீன்குழம்பு ஆகியவற்றின் மஞ்சள் கறைக்குச் சோப்பைப் போட்டதும் அது சிவப்பாகிப் பலர் பதறுகிறார்கள். மஞ்சளின் நிறப்பொருள் காரம் பட்டால் சிவக்கும்; அலசினால் திரும்பும். முதலில் எண்ணெயைச் சோப்பால் நீக்குக; எஞ்சிய மஞ்சளை வெயிலே தின்றுவிடும், ஏனெனில் அந்த நிறப்பொருள் ஒளியைத் தாங்காது. ஆனால் ஜெர்சியின் சாயமும் ஓரளவுக்கு மேல் தாங்காது; கறைபட்ட இடத்தை மட்டும் சிறிது நேரம் காட்டுக. குருதிக்கு உடனடிக் குளிர்நீர். புல்லின் பச்சைக்கு மருந்துக்கடை ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு ஒற்றலாம், ஓரத்தில் சோதித்த பிறகு; எழுத்தின்மேல் படக் கூடாது. வெள்ளை ஜெர்சியின் அக்குள் மஞ்சளுக்குக் குளோரின் ஊற்றாதீர்கள். அது மஞ்சளைக் கூட்டும்.

கையொப்பமிட்ட ஜெர்சி உங்களிடம் இருந்தால் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். மையும் வியர்வையும் ஒன்றாகவே கரையும். அங்கே 'துவைக்காதே' என்பதற்கு நானும் உடன்படுகிறேன். காற்றாட வைத்து, வெளிச்சத்திலிருந்து காத்தால் போதும்.

இனி, நண்பர்களின் மறுப்பு. கறை என்பது ஆவணம். ஆவணத்தைத் திருத்த உனக்கு என்ன உரிமை என்று ஒருவர் கேட்டார். ஆவணக் காப்பகங்களும் சுவடிகளின் தூசியைத் துடைக்கின்றன, பூச்சிக்கு மருந்திடுகின்றன, ஓலைக்கு எண்ணெய் பூசுகின்றன. தொடாமையால் எந்தச் சுவடியும் நம் கைக்கு வந்து சேரவில்லை. நாளை ஓர் ஆய்வாளர் அந்த வியர்வையையே ஆராய விரும்பினால் என்ன செய்வாய் என்றார் இன்னொருவர். இது வலுவான கேள்வி. துவைத்தலை மீட்க முடியாது. நீரோடு போனது போனதே. ஆனால் வரப்போகும் ஆய்வாளருக்காக, கணவரின் துணி தம் கண்ணெதிரே பூஞ்சை பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்குமாறு ஓர் எழுபது வயதுப் பெண்ணைக் கேட்பதற்கு அந்த ஆய்வாளர் இன்னும் பிறக்கவில்லை என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். மாஷிமா இருக்கிறார். பொருள் அவருடையது. விற்கும் எண்ணம் அவருக்கு இல்லை. விற்பதற்கான விதியை விற்காதவர்மேல் ஏன் ஏற்ற வேண்டும்?

ஜெர்சி இப்போது சட்டைத்தாங்கியில் தொங்கவில்லை, நெகிழிப் பையிலும் இல்லை. கஞ்சி போகப் பலமுறை துவைத்த காடாத்துணியைச் சுருட்டி மடிப்புகளுக்குள் வைத்து, மற்றொரு காடாத்துணியில் பொதிந்து, மர அலமாரியில் வைத்திருக்கிறோம். இரும்புப் பெட்டி பாத்திரங்களுக்குப் போய்விட்டது. மண் பொதிந்த தாளும் குறிப்புத் தாளும் அதனோடு உள்ளன. மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பது என்று ஏற்பாடு. கண்ணாடிச் சட்டத்தில் மாட்ட மகன் விரும்புகிறார். கண்ணாடி துணியைத் தொடாமலும் வெயில் படாத சுவரிலும் என்றால் எனக்கு மறுப்பில்லை.

காலர் ஓரத்துத் துரு மட்டும் தீராமல் இருக்கிறது. துரு அழுக்கா கறையா என்று கேட்டால், இரண்டும் என்பேன்: துணியோடு சேர்ந்துவிட்டது, ஆனால் இரும்பு இருக்கும்வரை சுற்றியுள்ள பருத்தியை அரித்துக்கொண்டும் இருக்கும். எலுமிச்சைச் சாறு அதை இளக்கும். அந்த அமிலம் பக்கத்துச் செம்பழுப்பை என்ன செய்யும் என்பதை உள்மடிப்பில் சோதித்தேன். சற்று நிறம் மாறுகிறது. மாஷிமா எலுமிச்சை பிழியச் சொல்கிறார். மகன் வேண்டாம் என்கிறார். துர்கா பூஜைக்கு அவர் வரும்போது மூவருமாக உட்கார்ந்து பார்ப்பது என்று ஒத்திவைத்திருக்கிறோம்.